மனவரைபடமும் நினைவாற்றலும்: ஐந்திணைப் பாடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

பாடப்பொருளை ஒரு நடுச்சொல்லிலிருந்து கிளைகளாக விரித்து வரையும் மனவரைபட முறை, நினைவாற்றலை வளர்க்கும் உத்தியாகப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. அம்முறையின் தோற்றம், அதனோடு ஒத்துக் காணப்படும் கருத்துப்படம், இவை குறித்து உளவியலார் நிகழ்த்திய சோதனைகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. வரைபடத்தின் பயன் அதன் வண்ணத்திலோ வடிவத்திலோ இல்லை. நூலை மூடிவைத்து நினைவிலிருந்து பொருளை மீட்டெடுப்பதிலும், எது எதற்குள் அடங்கும் என்பதைக் கற்பவரே தீர்மானிப்பதிலும் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இதற்கு அகத்திணைப் பாடம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. தமிழில் வரைபடம் அமைக்கும்போது எழும் தொடரமைப்புச் சிக்கலும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மனவரைபடம், கருத்துப்படம், மீட்டெடுத்தல், ஐந்திணை, நன்னூற் பாயிரம், படைப்பாற்றல் கல்வி.

முன்னுரை

தமிழிலக்கணம் கற்கும் மாணவர் முதன்முதலில் எதிர்கொள்ளும் பெரிய நினைவுச்சுமை ஐந்திணை அட்டவணையே எனலாம். நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் கருப்பொருள்களைப் பதினான்காக வகுக்கிறது. ஐந்து திணைக்கும் கணக்கிட்டால் இவை மட்டுமே 70 கட்டங்களாகின்றன. நிலம், பெரும்பொழுது, சிறுபொழுது என முதற்பொருளுக்கு 15 கட்டங்களும் உரிப்பொருளுக்கு 5 கட்டங்களும் சேர, அட்டவணையில் 90 கட்டங்கள் நிரம்புகின்றன. மாணவர் இதனை மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் பலமுறை ஓதி மனப்பாடம் செய்கிறார். தேர்வில் மருதத்திற்கு எற்பாட்டையும் நெய்தலுக்கு வைகறையையும் மாற்றி எழுதுகிறார். ஓராண்டு கழித்து அவரிடம் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் ஐந்து திணைகளின் பெயர்கள்தாம்.

இந்நிலைக்கு மாற்றாகவே மனவரைபடம் முன்வைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாக, 2000-களின் பிற்பகுதியில் நடுநிலை வகுப்புகளுக்குக் கொண்டுவரப்பட்ட படைப்பாற்றல் கல்வி முறையில் மனவரைபடம் வரைதல் ஒரு கட்டாயப் படியாகவே அமைந்தது. பாடத்தை அறிமுகம் செய்தல், படித்தல் ஆகியவற்றை அடுத்து வரைதலும், அதன்பின் தொகுத்தலும் வழங்குதலும் எழுதுதலும் வரும். எனவே, ஒரு தலைமுறை மாணவர் இதனை வரைந்தே வளர்ந்துள்ளனர். ஆயினும் வரைந்தது நினைவில் நின்றதா, நின்றதெனின் எதனால் நின்றது என்னும் வினாக்கள் வகுப்பறையில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. சடங்காகிப்போன எந்த நன்முறைக்கும் நேர்வதே இதற்கும் நேர்ந்தது. வரைபடம் பாடத்தின் ஒரு பகுதியாகி, அதனையும் மனப்பாடம் செய்யும் நிலை உருவாயிற்று.

மனவரைபடத்தின் தோற்றமும் அமைப்பும்

மனவரைபடம் என்னும் பெயரையும் அதற்குரிய விதிகளையும் உலகெங்கும் பரப்பியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டோனி பூசான் (1942–2019). 1974-இல் பிபிசி தொலைக்காட்சியில் அவர் வழங்கிய தொடரும், அதனையொட்டி வெளிவந்த நூலும் இம்முறையை மாணவரிடையே கொண்டுசேர்த்தன. தாளைக் கிடைவாக்கில் வைத்து நடுவில் ஒரு படத்தை வரைய வேண்டும். அதிலிருந்து தடித்த முதன்மைக் கிளைகள் வளைந்து புறப்பட வேண்டும். அவை பிரியப் பிரிய மெலிய வேண்டும். ஒரு கிளையின்மேல் ஒரு சொல் மட்டுமே நிற்க வேண்டும். கிளைக்கொரு வண்ணம் வேண்டும். இவை அவர் வகுத்த விதிகளுள் முதன்மையானவை.

அறிவைக் கிளைகளாகப் பிரித்து வரையும் வழக்கம் அவருக்குப் பன்னூற்றாண்டுகள் முற்பட்டது. 3-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மெய்யியலாளர் போர்ஃபிரியின் பெயரால் வழங்கும் மரவடிவப் பகுப்பு, ஐரோப்பிய இடைக்காலச் சுவடிகளில் அளவைநூல் கற்பிக்கப் பயன்பட்டது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரமோன் லுல் அறிவுத்துறைகள் அனைத்தையும் மரங்களாகவே வகுத்து நூல் செய்தார். பூசான் புதிதாகச் சேர்த்தவை வண்ணமும் வளைகோடும் ஒற்றைச்சொல் விதியும், இவற்றை எவரும் செய்துகொள்ளலாம் என்னும் எளிமையும் ஆகும்.

அவர் தம் முறைக்குக் கூறிய காரணங்களை அப்படியே ஏற்பதற்கில்லை. மூளையின் இடப்பாதி சொல்லுக்கும் கணக்கிற்கும், வலப்பாதி வண்ணத்திற்கும் கற்பனைக்கும் உரியன. மனவரைபடம் இரண்டையும் இணைத்து இயக்குகிறது என்பது அவற்றுள் ஒன்று. மூளைப்பாதிகள் துண்டிக்கப்பட்ட நோயாளரை ஆய்ந்து 1981-இல் நோபல் பரிசு பெற்ற ரோஜர் ஸ்பெரியின் கண்டுபிடிப்புகள், மக்கள் வழக்கில் மிகைப்படுத்தப்பட்டதன் விளைவு இக்கருத்து. இயல்பான மூளையில் இரு பாதிகளும் ஏறத்தாழ எல்லாப் பணிகளிலும் சேர்ந்தே இயங்குகின்றன. காரணம் தவறானதால் முறையும் தவறாகிவிடாது. எனினும், பயன் வேறெங்கிருந்து வருகிறது என்பதைத் தேட வேண்டியுள்ளது.

கருத்துப்படம்: உறவுச்சொல்லின் இடம்

மனவரைபடத்தோடு பலரும் ஒன்றாகக் கருதும் கருத்துப்படம் வேறொரு மரபில் பிறந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கின் குழுவினர், பள்ளிக் குழந்தைகளின் அறிவியல் கருத்துகள் ஆண்டுதோறும் எவ்வாறு மாறுகின்றன என்பதைப் பதிவுசெய்யும் பொருட்டு 1972-இல் இதனை உருவாக்கினர். முன்பே அறிந்தவற்றோடு புதியதைப் பொருத்துவதே பொருளுணர்ந்த கற்றல் என்னும் டேவிட் ஆசுபெல்லின் கொள்கை இதற்கு அடிப்படை.

இரண்டிற்கும் வேறுபாடு கோட்டில் உள்ளது. மனவரைபடத்தில் கோடு வெறும் இணைப்பு. இதிலிருந்து அது கிளைத்தது என்பதற்குமேல் எதுவும் கூறாது. கருத்துப்படத்தில் ஒவ்வொரு கோட்டின்மேலும் ஓர் உறவுச்சொல் எழுதப்பட வேண்டும். ஆகும், உண்டாக்கும், தடுக்கும், அடங்கும் என ஏதேனும் ஒன்றைத் தெரிந்தெடுத்தாக வேண்டும். ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்குக் குறுக்கே கோடிழுப்பதும் இதில் இயல்பாகவே இடம்பெறும். உறவு தெரியாத மாணவர் மனவரைபடத்தில் தப்பிவிடலாம். கருத்துப்படத்தில் அவருடைய கை நின்றுவிடும். அந்தத் தயக்கமே கற்றலின் தொடக்கம் என்பதால், மனவரைபடம் வரைவோரும் இன்றியமையாத இடங்களிலேனும் உறவுச்சொல்லைக் கடன்வாங்குவது தகும்.

நினைவும் ஒழுங்கமைப்பும்

ஒரே நேரத்தில் மனம் கையாளக்கூடிய கூறுகள் மிகச் சிலவே. ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதனை ஏழு என்னும் எண்ணைச் சுற்றி மதிப்பிட்டார். நெல்சன் கோவன் 2001-இல் அது நான்கை ஒட்டியதே என்று வாதிட்டார். எவ்வாறாயினும் 90 கட்டங்கள் என்பது இவ்வரம்பிற்கு வெகுதொலைவில் உள்ளது. தனித்தனியான கூறுகளைப் பெரிய தொகுதிகளாகக் கட்டினால் மட்டுமே மனம் அவற்றைத் தாங்கும்.

தொகுதியாகக் கட்டுவதன் வலிமையைக் கோர்டன் பவரும் குழுவினரும் 1969-இல் வெளியிட்ட சோதனை தெளிவாகக் காட்டியது. கனிமங்கள் முதலிய நான்கு பொருள்களைச் சார்ந்த 112 சொற்கள் இரு குழுவினருக்கு வழங்கப்பட்டன. ஒரு குழுவினருக்கு அவை மரவடிவில், பொதுவிலிருந்து சிறப்பு நோக்கி, முறையாக அடுக்கப்பட்டிருந்தன. மற்றக் குழுவினருக்கு அதே மரவடிவக் கட்டங்களில் சொற்கள் தாறுமாறாக இடப்பட்டிருந்தன. முதல் முயற்சியில் முறைப்பட்ட அடுக்கைக் கண்டவர்கள் சராசரியாக 73 சொற்களை நினைவுகூர்ந்தனர். மற்றவர்கள் ஏறத்தாழ 21 சொற்களை மட்டுமே. மூன்றாம் முயற்சியில் முதற்குழுவினர் 112 சொற்களையும் பிழையின்றிக் கூறினர்.

இச்சோதனையில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இரு குழுவினரும் கண்டது ஒரே மாதிரியான கிளைப்படமே. படம் இருந்தும் இரண்டாம் குழுவினர்க்கு அது உதவவில்லை. கிளையும் கட்டமும் தாமாக நினைவைத் தருவதில்லை. ஒரு சொல்லுக்கும் அதன் மேலுள்ள சொல்லுக்கும் பொருள்நிலையில் உள்ள தொடர்பே அடுத்த சொல்லை வரவழைக்கிறது. அழகிய வரைபடங்களை விலைக்கு வாங்கித் தரும் பெற்றோர் இதனைக் கருதுவது நல்லது.

வரைதலும் நினைவுகூர்தலும்

மனவரைபடத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளுள் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது, இலண்டனில் 50 மருத்துவ மாணவரைக் கொண்டு ஃபாரண்ட், உசேன், ஹென்னெசி ஆகியோர் நிகழ்த்தி 2002-இல் வெளியிட்டது. ஏறத்தாழ 600 சொற்கள் கொண்ட உரைப்பகுதியை ஒரு பிரிவினர் மனவரைபடம் வரைந்தும், மற்றப் பிரிவினர் தமக்குப் பழகிய முறையிலும் கற்றனர். ஒரு வாரத்திற்குப் பின் மனவரைபடப் பிரிவினரின் நினைவு 10 விழுக்காடு மேம்பட்டிருந்தது. ஆயின், இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதை முழுமையாக மறுக்கும் அளவிற்குப் புள்ளியியல் உறுதி அதற்கில்லை. மேலும், மனவரைபடம் வரைந்தவர்களிடம் ஊக்கம் குறைந்தே காணப்பட்டது. பழகாத முறையை ஒருநாளில் திணித்தால் விளைவது இதுவே. இவ்வாய்வை விளம்பரமாக்குவோர் முதற்செய்தியை மட்டும் எடுத்துரைத்து ஏனையவற்றை விட்டுவிடுகின்றனர்.

இதனினும் ஆழமான வினாவை எழுப்பியவர்கள் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் ஜனெல் பிளண்டும். 2011-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த அவர்களது ஆய்வில், கடல் நீர்நாயைப் பற்றிய அறிவியல் உரைப்பகுதி ஒன்றைக் கல்லூரி மாணவர் கற்றனர். ஒரு பிரிவினர் உரைப்பகுதியை அருகில் வைத்துக்கொண்டு கருத்துப்படம் வரைந்தனர். மற்றொரு பிரிவினர் படித்தபின் அதனை அகற்றிவிட்டு, நினைவில் உள்ளதை எழுதினர். மீண்டும் படித்து மீண்டும் எழுதினர். ஒரு வாரத்திற்குப் பின் நிகழ்ந்த தேர்வில் நினைவுகூர்ந்து எழுதியோர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மதிப்பெண் பெற்றனர். தொடர்ந்து நிகழ்த்திய மற்றொரு சோதனையில் தேர்வே கருத்துப்படம் வரைவதாக அமைந்தது. அப்போதும் நினைவுகூர்ந்து எழுதியோரே முந்தினர். இதில் வியப்பளிப்பது மாணவரின் முன்கணிப்பு. எம்முறை தமக்கு மிகுந்த பயன்தரும் என வினவியபோது, நினைவுகூர்தலை அவர்கள் கடைநிலையில் வைத்தனர்.

இம்முடிவு வரைபடங்களுக்கு எதிரானது எனக் கொள்வது பிழை. அதே ஆய்வாளர் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உரைப்பகுதியை அகற்றிவிட்டு நினைவிலிருந்தே கருத்துப்படம் வரையச் செய்தனர். அப்போது வரைந்தோரும் பத்தியாக எழுதியோரும் நிகராகவே தேறினர். இரு சாராரும் வெறுமனே மீண்டும் படித்தோரை விஞ்சினர். ஆகவே, வேறுபாடு படத்திற்கும் பத்திக்கும் இடையே இல்லை. திறந்த நூலுக்கும் மூடிய நூலுக்கும் இடையே உள்ளது. திறந்த நூலிலிருந்து வரைபவர் கண்ணிலிருந்து கைக்குப் பொருளைக் கடத்துகிறார். மூடிய நூலுக்குப் பின் வரைபவர் தம் உள்ளத்திலிருந்து அதனைத் தோண்டியெடுக்கிறார். தோண்டும் வழி ஒவ்வொரு முறையும் அகலப்படுகிறது.

ஷ்ரோடர் உள்ளிட்டோர் 2018-இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் இதனோடு இசைகிறது. கருத்துப்படங்கள் பற்றிய பல ஆய்வுகளை ஒருங்கே மதிப்பிட்ட அவர்கள், ஆயத்தமாகத் தரப்பட்ட படத்தைப் படிப்பதினும் தாமே வரைவது கூடுதல் பயன்தருவதைக் கண்டனர்.

நன்னூற் பாயிரம் காட்டும் கற்றல்முறை

பவணந்தி முனிவரின் நன்னூற் பாயிரம் நூல் பயிலும் முறையை விரித்துரைக்கும்போது, பாடத்தைப் போற்றிக் காத்தலை அடுத்துக் கேட்டவற்றை நினைத்துப் பார்த்தலை வைக்கிறது. அதன்பின்னரே ஆசிரியரைச் சார்ந்து மீண்டும் கேட்டல், உடன் கற்போரோடு பயிலுதல், வினாவுதல், வினாவியவற்றுக்கு விடையிறுத்தல் முதலியன வருகின்றன. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் புலமையில் காற்பங்கே கைவரும். உடன் பயில்வதால் மற்றொரு காற்பங்கு கிட்டும். பிறருக்கு விரித்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும் என்றும் அது பகுத்துக் காட்டுகிறது. நூலின்றியே நெஞ்சில் உள்ளதை வெளிக்கொணரும் செயலுக்கு இம்மரபு அளித்த பங்கு பாதி என்பது எண்ணத்தக்கது.

நூலமைப்பிலும் தொகை, வகை, விரி என்னும் படிநிலை தமிழிலக்கண மரபிற்கு இயல்பானது. நன்னூல் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் தொகுத்துச் சுட்டலும் வகுத்துக் காட்டலும் அடங்கும். மனவரைபடத்தின் நடுச்சொல்லைத் தொகையாகவும், முதன்மைக் கிளைகளை வகையாகவும், சிறுகிளைகளை விரியாகவும் கொண்டால் தமிழ் மாணவர்க்கு இம்முறையை விளக்குவது எளிதாகும். இதுகொண்டு பண்டைத் தமிழர் மனவரைபடம் அறிந்திருந்தனர் என உரைப்பது மிகையாகும். அவர்களது முறை செவிவழிப்பட்டது; நூற்பாவின் ஓசையே அதற்குத் துணை. தாளும் கோடும் அம்முறைக்குத் தேவைப்படவில்லை.

செய்யுளை மனப்பாடம் செய்வதற்கு இன்றும் மனவரைபடம் வேண்டுவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். எதுகையும் மோனையும் அடுத்த அடியைத் தாமே இழுத்துவரும். அச்செய்யுளின் கருத்தமைப்பை விளங்கிக்கொள்ளவே வரைபடம் உதவும்.

ஐந்திணையை வரைதல்

முன்னுரையில் சுட்டிய அட்டவணையை ஒரு மாணவர் மனவரைபடமாக்குவதாகக் கொள்ளலாம். நடுவில் ஐந்திணை என்று எழுதி, குறிஞ்சி முதலாக ஐந்து கிளைகளை விரித்து, ஒவ்வொன்றிலும் முதல், கரு, உரி என்னும் மூன்று சிறுகிளைகளை வைத்து நிரப்புவதே பலரும் செய்வது. இது வட்டமாக மடக்கப்பட்ட அட்டவணையேயன்றி வேறில்லை. 90 கட்டங்களும் 90 நுனிகளாக மாறியுள்ளன. நினைவுச்சுமை ஒரு சிறிதும் குறையவில்லை. ஐந்து பொருள்களை ஒரே அளவுகோல்களால் ஒப்பிடும் பாடத்திற்கு உண்மையில் அட்டவணையே ஏற்றது. அதனை அட்டவணையாகவே விட்டுவிடுதல் தவறாகாது.

நூலை மூடிவிட்டு, நடுவில் எதை வைப்பது என்று வினவும்போதுதான் மனவரைபடம் தன் வேலையைத் தொடங்குகிறது. தொல்காப்பியம் முதல், கரு, உரி என்னும் மூன்றனையும் கூறுமிடத்து அவை முறையே சிறப்புடையன என்கிறது. முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது உரைமரபு. அவ்வாறாயின், நிலத்திலிருந்து கிளைப்பதைவிட உரிப்பொருளிலிருந்து கிளைப்பதே நூற்கருத்திற்கு நெருக்கமானது. இரண்டாம் முயற்சியில் மாணவர் நடுவில் தலைவன் தலைவி உறவு என்று எழுதுகிறார். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஐந்தும் தடித்த கிளைகளாகின்றன. அவ்வவ் ஒழுக்கத்திற்கேற்ற பொழுதும் நிலமும் பின்னர் வந்து சேர்கின்றன.

இப்போது பொழுதுகள் காரணத்தோடு நிற்கின்றன. களவில் கூடுவோர்க்கு ஊர் உறங்கும் யாமம் துணை. வினைமேற் சென்றவன் கார்காலத்தில் மீள்வதாகக் கூறிச் சென்றமையால், கன்று வீடுதிரும்பும் மாலையில் காத்திருப்பவள் வருந்துகிறாள். பரத்தையிடம் சென்ற தலைவன் திரும்பி வாயிலில் நிற்பது வைகறையில். ஆகவே ஊடலுக்கு அப்பொழுது உரியதாயிற்று. கடல்மேல் ஒளி மாறும் எற்பாடு இரங்கலுக்கு இசைகிறது. வைகறையையும் எற்பாட்டையும் மாற்றி எழுதும் பிழை இவ்வரைபடத்தில் எளிதில் நேராது. மாற்றினால் நிகழ்ச்சியே பிறழ்ந்துவிடும். எல்லாப் பொழுதுகளுக்கும் இவ்வளவு தெளிவான காரணம் கிடைக்குமென்பதில்லை. மாணவர் தாமே ஒரு காரணத்தைத் தேடிப்பார்த்தார் என்பதே நினைவிற்குப் போதுமானது. அக்காரணம் உரையாசிரியர் கருத்தோடு முரணினால் வகுப்பில் அதனைத் திருத்திக்கொள்ளலாம்.

இரண்டாவதாக, வரைபடம் ஒரு வெற்றிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. பிரிதலுக்குரிய பாலைக்கு நண்பகலும் வேனிலும் பின்பனியும் உண்டு. தொல்காப்பியம் அதற்கெனத் தனிநிலம் வகுக்கவில்லை. காடு, மலை, வயல், கடற்கரை என நான்கு நிலங்களோடு அது நின்றுவிடுகிறது. பாடநூல் அட்டவணையில் கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்பதால், மணலும் மணல் சார்ந்த இடமும் என்று அங்கே நிரப்பப்பட்டுள்ளது. கட்டம் நிரம்பியதும் வினா மறைந்துவிடுகிறது. வரைபடத்தில் நிலக்கிளையின்றி நிற்கும் பாலையோ ஏன் என்று வினவத் தூண்டும். முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை உரைப்பதை அறிந்தவர், அவ்விரு கிளைகளிலிருந்தும் பாலைக்குக் குறுக்குக்கோடு இழுத்து, வேனிலில் திரியும் என்று அதன்மேல் எழுதுவார். நோவாக் வலியுறுத்திய உறவுச்சொல் இங்கே தேவைப்படுகிறது. அட்டவணையில் இக்கோட்டிற்கு இடமேயில்லை.

கருப்பொருள்களின் நிலை வேறு. உரிப்பொருள் அல்லாதன மயங்கவும் பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஒரு நிலத்துப் பறவை மற்றொரு நிலத்துப் பாடலில் வரலாம். ஆதலின் 70 கருப்பொருள்களையும் அசையாத உண்மைகளாக மனப்பாடம் செய்யச் சொல்வதில் இலக்கண நோக்கிலேயே பொருளில்லை. அவற்றை மெல்லிய கோடுகளால் வரைந்து, பாடல்களில் காணக் காண ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். தாம் படித்த குறுந்தொகைப் பாடலொன்றில் கண்ட மரத்தைச் சேர்த்த மாணவர் அம்மரத்தை மறப்பது அரிது.

தமிழ்த் தொடரமைப்பும் வரைபடமும்

மேலைநாட்டு நூல்கள் தரும் விதிகளைத் தமிழ் வரைபடங்களில் அப்படியே பின்பற்றும்போது சில இடர்ப்பாடுகள் தோன்றுகின்றன. கருத்துப்படத்தில் இரு வட்டங்களுக்கு இடையே உறவுச்சொல் எழுதப்பட்டு, முதல்வட்டம், உறவுச்சொல், இரண்டாம்வட்டம் என்னும் வரிசையில் தொடராக வாசிக்கப்படுகிறது. வினை நடுவில் நிற்கும் ஆங்கிலத் தொடருக்கு இது இயல்பானது. தமிழில் வினை இறுதியில் நிற்கும். செயப்படுபொருளும் உருபேற்று வரும். குறிஞ்சி, திரியும், பாலை என்று வாசித்தால் தொடராகாது. எனவே இரு வட்டங்களையும் முதலில் வாசித்து, கோட்டிலுள்ள சொல்லை இறுதியில் வாசிக்கும் வழக்கத்தை மாணவர்க்குத் தொடக்கத்திலேயே பழக்க வேண்டும். இரண்டாம் சொல் ஏற்க வேண்டிய உருபையோ சொல்லுருபையோ கோட்டின்மேல் உறவுச்சொல்லோடு சேர்த்தெழுதுவதும் பயன்தரும். கோட்டில் 'ஆகத் திரியும்' என்றிருந்தால், குறிஞ்சி பாலையாகத் திரியும் எனத் தொடர் தானே முழுமையடையும். உருபைத் தெரிந்தெடுக்க நேர்வதால் உறவும் துல்லியமாகிறது. ஒன்றை ஒன்று ஆக்குகிறதா, ஒன்றால் ஒன்று ஆகிறதா என்பதை மாணவர் தீர்மானித்தே ஆக வேண்டும்.

ஒரு கிளைக்கு ஒரு சொல் என்னும் பூசானின் விதியும் தமிழில் நெகிழ வேண்டியுள்ளது. ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் ஒரு சொல்லே ஒரு தொடரின் பொருளைச் சுமக்கக்கூடும். அவ்விதியின் நோக்கம் சுருக்கமேயாதலின், திரும்பத் திரும்ப வருவதை ஒருமுறை மட்டும் எழுதுவது அந்நோக்கிற்கு உகந்தது. உரிப்பொருள் ஐந்திலும் நிமித்தம் என்னும் சொல் தொடர்ந்து வருகிறது. அதனை ஐந்து முறை எழுதாமல் அடிக்கிளையில் ஒருமுறை எழுதினால், அது ஐந்திற்கும் பொதுவென்பது கண்ணுக்கே புலப்படும்.

வகுப்பறை நடைமுறை

மேற்கூறியவற்றை வகுப்பில் செயற்படுத்தப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. வெற்றுத்தாளும் இருவண்ண மைக்கோல்களும் போதும். பாடத்தை ஒருமுறை கருத்தூன்றிப் படித்தபின் நூலை மூடி, நீலமையால் நினைவிலுள்ளதை மட்டும் வரைய வேண்டும். வரைய இயலாமல் நிற்கும் நேரத்தை ஆசிரியர் பொறுத்துக்கொள்வதே இதில் கடினமானது. உடனே விடையை எடுத்துக்கொடுத்தால் பயிற்சி பாழாகும். பின்னர் நூலைத் திறந்து, விடுபட்டவற்றையும் பிழைகளையும் சிவப்புமையால் சேர்க்க வேண்டும். ஓரிரு நாள் கழித்துப் பழைய தாளைப் பாராமலே மீண்டும் வரைய வேண்டும்; ஒருவாரத்திற்குப் பின் இன்னொருமுறை. அதே படத்தை அச்சாகத் திரும்ப வரைய வேண்டியதில்லை. நடுச்சொல்லை மாற்றி வரைந்தால் பொருள் புதிய கோணத்தில் திரண்டுவரும். இறுதியில் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அருகிலிருக்கும் மாணவர்க்கு ஒவ்வொரு கிளையையும் வாய்மொழியாக விளக்க வேண்டும். பவணந்தியார் அரைப்பங்கு அளித்தது இப்பணிக்கே.

படைப்பாற்றல் கல்வி வகுப்புகளில் நூலைத் திறந்துவைத்து வரைந்து, குழுவில் ஒருவர் வரைந்ததை மற்றவர் பார்த்தெழுதும் வழக்கம் நிலவுமாயின், அங்கே மாற்ற வேண்டியது நூல் மூடப்படும் கணத்தை மட்டுமே. படிநிலைகள் அவ்வாறே இருக்கலாம். ஒரு பாடவேளைக்குள் படித்தலும் வரைதலும் திருத்தலும் அடங்காதெனில், திருத்தலை மறுநாளைக்குத் தள்ளிவைப்பது இழப்பன்று. இடைவெளி விட்டு நினைவுகூர்தலால் நினைவு மேலும் உறுதிப்படும்.

மதிப்பீட்டில்தான் உண்மையான தடை உள்ளது. அழகாக வண்ணம் தீட்டிய, சிவப்புத் திருத்தமேயில்லாத வரைபடத்திற்கு முழு மதிப்பெண்ணும், அடித்தலும் வெற்றிடமும் நிறைந்த வரைபடத்திற்குக் குறைந்த மதிப்பெண்ணும் வழங்கப்படுமாயின், மாணவர் மீண்டும் நூலைத் திறந்துவைத்தே வரைவர். அவர்களைக் குறைகூற இயலாது. முதல் தாளுக்கும் மூன்றாம் தாளுக்கும் இடையே சிவப்புமை எவ்வளவு குறைந்துள்ளது என்பதையே ஆசிரியர் கணக்கில் கொள்ளலாம். வகுப்பிலுள்ள பலரது தாள்களில் ஒரே இடத்தில் சிவப்பு மிகுந்திருந்தால், அப்பகுதியை மீண்டும் கற்பிக்க வேண்டும் என்னும் செய்தியும் அதிலிருந்தே கிடைக்கும். பாலைக்கு நிலம் எது என்னும் வினாவிற்கு, தனிநிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் திரிந்த நிலையே அது என்று எழுதும் மாணவர்க்கு, மணலும் மணல் சார்ந்த இடமும் என்பதையே ஒரே விடையாகக் கொண்ட விடைக்குறிப்பு இன்று மதிப்பெண் மறுக்கக்கூடும். அவ்விடைக்கும் மதிப்பெண் உண்டு என்னும் ஒரு வரியை விடைக்குறிப்பில் சேர்ப்பது, வினாத்தாள் அமைப்போர் கையில் உள்ளது.